சாத்தாம்பாறை வழி

இங்கன உக்காருங்க அண்ணாச்சி, அந்தப் பக்கம் ஒழுகும். மேல தகரம் விட்டுப் போயிருக்கு. போன வாரமே கண்டக்டர்கிட்ட சொன்னேன், சாரல் முடியட்டும் சார், ஒட்டிருவோம்னு சொல்லுதாரு. சாரல் முடிஞ்ச பொறவு எதுக்கு ஒட்டணும், சொல்லுங்க. பையை மடியிலயே வச்சுக்கிடுங்க. கீழ வச்சா ஈரம் ஏறிரும்.

டிக்கெட்டு நான் எடுத்துட்டேன். இருக்கட்டும், இருக்கட்டும். கொழும்புல இருந்து கப்பல் ஏறி, ராமேஸ்வரம் ரயிலு, பொறவு விருதுநகர்ல மாறி இங்க வந்திருக்கிய. ஒரு பஸ் டிக்கெட்டு எடுக்க எனக்கு உரிமை இல்லையா? நான் மசூது. கல்லோடை மில் பள்ளிக்கூடத்து வாத்தியார். உங்க தங்கச்சி மூக்கம்மாவோட மக சங்கரம்மா என்கிட்டதான் படிக்கா, அஞ்சாம் வகுப்பு. நீங்க ரயில விட்டு எறங்கும்போதே எனக்குத் தெரிஞ்சுட்டு. மூக்கம்மா அக்காவோட நெத்தி உங்களுக்கு. அந்தப் புருவம் சேருத எடம் அப்படியே.

நல்லா இருக்கா. சாப்பிடுதா. பள்ளிக்கூடத்துக்கு வாரா. பக்கத்து வீட்டு ஆச்சி வச்சுப் பாத்துக்கிடுதாவ. அழுததை நான் பாக்கல. பாத்ததை மட்டும்தான் சொல்லுவேன் அண்ணாச்சி, எனக்கு அது ஒரு பழக்கம்.

ஊர்ப் பெரியவரு நயினார் கடிதாசு போட்டிருந்தாரா? எனக்குத் தெரியும், அவர் போட்டிருப்பாருன்னு. என்ன எழுதியிருந்தாரு?

ம்.

வாச்சர் செல்லப்பா காட்டிக் குடுத்துட்டான்னு. ஆமா, ஊரு பூரா அதைத்தான் சொல்லுது. இன்னைக்குச் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால கூட்டம். அக்காவுக்குப் பதினாறு முடிஞ்சும் கூட்டத்தை உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்காவ. கூடப்பிறந்தவன் வந்து, இன்னான்தான்னு பேரைச் சொல்லணும், பொறவுதான் ஊரு கை வைக்கும். உங்க ஊருப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா. நீங்க செல்லப்பா பேரைச் சொன்னா அவன் வீட்டுக் கூரையைப் பிரிச்சிருவாவ. பொண்டாட்டி, ரெண்டு பிள்ளையோட இன்னைக்கே ஊரை விட்டுப் போகணும். இப்பவே அவன் பொண்டாட்டி கெணத்தடிக்கு வந்தா மத்தவ வாளியை எடுத்துட்டுப் போயிருதாவ. 

இல்ல அண்ணாச்சி, நான் பரிஞ்சு பேசல. அவன் எனக்கு ஒறவா, தெருக்காரனா? நான் தென்காசிக்காரன். எங்க வாப்பா தறி நெய்யுதவரு. எங்க தெருவுல பி.ஏ. படிச்சவன் நான் ஒருத்தன்தான். பாளையங்கோட்டையில நாலு வருஷம் படிச்சேன். அந்த நாலு வருஷமும் எங்க உம்மா கழுத்துல ஒண்ணும் கெடந்ததில்ல. அதனால என்ன பேசினாலும் ரெண்டு தடவை யோசிச்சுத்தான் பேசுவேன். பயந்தவன்னே வச்சுக்கிடுங்க. நடந்தது நடந்தபடி சொல்லுதேன். கேட்டுட்டு யார் பேரைச் சொல்லணுமோ சொல்லுங்க. ஊருக்கு ரோடு பிரியுத விலக்கு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும், ரயில்வே கேட்டு வேற அடைச்சிருப்பான்.

எடுத்துட்டான். கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க.

நீங்க போகும்போது மில்லு வந்துட்டா? மில்லு வந்துட்டு, பள்ளிக்கூடமும் கம்பி வேலியும் வரல. சரி. மில்லு ஓடுதது கல்லோடைத் தண்ணியிலதான? மாசி பொறந்தா ஓடை காஞ்சு போவுது. என்னன்னு பாக்க ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்தாவ. அவர் மலையைப் பாத்துட்டு, அடிவாரத்துல இருந்து சாத்தாம்பாறை வரைக்கும் ஒரு மரம் இல்ல, பொறவு ஊத்து எங்கேருந்து வரும்னு கேட்டாராம். முதலாளி நல்ல மனுஷன் அண்ணாச்சி, அதை நான் மறைக்க மாட்டேன். அரசாங்கத்துக்கிட்ட அந்தச் சரிவைக் குத்தகைக்கு வாங்கி, நாவல், புங்கம், வேங்கைன்னு கன்னு வச்சாரு. அதோட கூடவே பள்ளிக்கூடம். ஊருக்குப் படிப்பு, மலைக்கு மரம். வாசல் வளைவுலயே அப்படித்தான் எழுதியிருக்கு. பிள்ளையளுக்குச் சிலேட்டு, சட்டை, மத்தியானம் சோறு. அதுக்கு மின்ன கல்லோடையில எத்தனை பிள்ளை படிச்சுது? உங்க காலத்துல? ஒண்ணு. அதுவும் நீங்க இல்ல. அன்னா பாருங்க, சிரிக்கிய.

மூணு வருஷத்துல ஊத்து திரும்ப வந்துட்டு. பங்குனியிலயும் ஓடையில கணுக்கால் தண்ணி. நானே போயி நின்னு பாத்தேன். அது பொய்யில்ல. அந்த மலையில மரம் நிக்கணும்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

ஆனா குத்தாலத்துல சீசன் வந்தா விறகு வேணும்லா. லாட்ஜுக்கு வேணும், ஓட்டலுக்கு வேணும், எண்ணெய் தேய்ச்சுட்டு வாரவனுக்கு வெந்நி வைக்க வேணும். கல்லோடைப் பொம்பளையளுக்கு அதுதான பொழப்பு, உங்க அம்மா காலத்துல இருந்து. வேலியைப் போட்டுட்டா, விடுவாவளா? பட்ட மரம் மட்டும்தான் எடுத்தாவன்னு நான் சொல்ல மாட்டேன். பச்சையும் வெட்டினாவ. ஆனா ஒண்ணு கேளுங்க. எங்க பள்ளிக்கூடத்துல எழுபது பிள்ளைக்குச் சோறு பொங்கணும். அதுக்கு விறகு யார் போடுதா? உங்க தங்கச்சிதான் போட்டா. மலையில இருந்து திருடின விறகுலதான் மலையைக் காக்கணும்னு படிக்கிற பிள்ளையளுக்குச் சோறு வெந்துது. எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுததில்ல.

அவ பேசுவா. விறகுக் கட்டைத் தொப்புன்னு அடுப்படியில போட்டுட்டு, நான் பாடம் நடத்துத ஜன்னல் பக்கம் வந்து நிப்பா. ஏ வாத்தியாரே, மரத்தை வெட்டாதன்னு காலையில இருந்து தொண்டை கிழியச் சொல்லிக் குடுக்கீரே, மத்தியானச் சோத்தை ஒம்ம மீசையிலயா பொங்கப் போறீருன்னு கேப்பா. பிள்ளையளெல்லாம் சிரிக்கும். எனக்கு அப்போ மீசையும் சரியா வரல, அதைச் சேத்துத்தான் சிரிக்கும். சங்கரம்மா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிடுவா. யம்மா போன்னு முணுமுணுப்பா.

ஆமா, அவ வாய் அப்படித்தான். சின்னதுலயே அப்படியா?

செல்லப்பாவா? சொல்லுதேன். அவனைச் சாத்தாம்பாறைக்கு வாச்சராப் போட்டாவ. உள்ளூர்க்காரன், அதனால ஊருக்குக் கோவம். ஆனா அவன் என்ன செஞ்சான் தெரியுமா? விடியக்காலை பாறைக்குப் பின்னால பொம்பளையள் வருத நேரம், இவன் மலையைப் பாத்து முதுகைக் காட்டி உக்காந்து பீடியைப் பத்த வச்சுக்கிடுவான். ரெண்டு தடவை இருமுவான். இருமினா ஃபாரஸ்டுக்காரன் எவனும் இல்ல, வரலாம்னு அர்த்தம். அங்கன வேலியோட கீழ்க்கம்பியை ஒரு கவட்டைக் கம்பால தூக்கி நிறுத்தியிருப்பாவ. விறகுக் கட்டை மின்ன உருட்டி விட்டுட்டு, ஒவ்வொருத்தியா குனிஞ்சு வருவாவ. மூணு வருஷம் இப்படி நடந்திருக்கு. ஒருத்தி பிடிபடல.

எனக்கு எப்படித் தெரியுமா? அதுக்குத்தான் வாரேன்.

நீங்க கேக்கது சரிதான். நல்லவன்னா பொறவு ஏன் மில் மேனேஜர் அவனுக்குக் காக்கிக் கோட்டு குடுத்து, மில் கேட்டுல ஸ்டூல் போட்டு உக்கார வச்சாரு? அவனை மாத்தின மறுநாள் அக்கா போயிட்டா. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா எவனும் அப்படித்தான் நெனைப்பான். ஆனா அது சன்மானம் இல்ல அண்ணாச்சி, தண்டனை. இவனை இனி நம்ப முடியாது, கண்ணு மின்னாலயே இருக்கட்டும்னு கேட்டுல வச்சாரு. பாறைக்கு வெளியூர்க்காரன் ரெண்டு பேரைக் கொண்டாந்து, யாருக்கும் தெரியாம மில் பங்களாவுலயே தங்க வச்சுட்டாரு. அந்த ரெண்டு பேருக்கும் நேரம் தெரியும், எடம் தெரியும், கவட்டைக் கம்பு தெரியும். நேரா அங்க போயி ஒளிஞ்சுக்கிட்டாவ.

கேட்டு அடைச்சிட்டான். நான் சொன்னேம்லா. செங்கோட்டை வண்டி போனாத்தான் தெறப்பான்.

மங்குஸ்தான் பழமா? வேண்டாம், எனக்கு வேண்டாம். நீங்க பிள்ளைக்கு வாங்கிட்டுப் போங்க. ஏம்மா, இதுல கீறல் விட்டிருக்கு பாரு, வேற போடு. இல்லம்மா, நான் இவரு மாப்பிள்ளை இல்ல, வாத்தியார். போ.

அன்னைக்கு நடந்ததை முழுசாச் சொல்லவா? நான் அங்க இல்ல. கூடப் போன பொம்பளையள் சொன்னதைச் சொல்லுதேன். அஞ்சு பேரு வந்திருக்காவ. அக்காதான் மின்ன. பாறைக்கு வந்ததும் நின்னாளாம். இருமல் கேக்கலியேட்டின்னாளாம். பின்னால நின்னவ, மழைக்கு அவன் எங்கயாவது ஒண்டியிருப்பான், நீ போன்னாளாம். அக்கா கட்டை உருட்டி விட்டா. குனிஞ்சா. விசில் ஊதினாவ. திரும்பி ஓடையைப் பாத்து ஓடியிருக்கா. மழையில பாறை பாசி பிடிச்சுக் கெடக்கு. அவ்வளவுதான். தள்ளி விடலன்னு வாச்சர் சொல்லுதான், அது உண்மைதான். யாரும் தள்ளல. போலீசும் வழுக்கி விழுந்ததுன்னுதான் எழுதினாவ.

கட்டில்ல வச்சுக் கொண்டாந்ததை நான் பாத்தேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகணும். ஜன்னல் வழியாப் பாத்தேன். பாடம் நடந்துட்டு இருந்துது. சங்கரம்மா மூணாவது வரிசையில இருந்தா. யாருன்னு அவளுக்குத் தெரியல, முகத்தை மூடியிருந்தாவ. அந்தக் காலுக்குச் செருப்பு இல்ல சார்னு சொன்னா. எல்லாரையும் எழுதச் சொல்லிட்டு நான் வெளிய போனேன்.

அன்னையில இருந்து, அடுப்படியில யாராவது எதையாவது தொப்புன்னு போட்டா நான் ஜன்னலைப் பாக்கேன். இப்போ மில்லுல இருந்து கரி வருது, மூட்டையாத்தான் எறக்குதாவ. அப்பவும் பாக்கேன். தெருவுல எவனாவது ரெண்டு தடவை இருமினா கையில சாக்கட்டியோட வெளிய வந்து பாக்கேன். காத்துக் கறுப்போ என்னமோன்னு எங்க உம்மா மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்காவ.

ஆமா அண்ணாச்சி. பொறவு யார் சொன்னான்னுதான கேக்கிய.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். ஸ்டேஷன்ல உங்களைப் பாத்ததும், பள்ளிக்கூடத்துக்குச் சாக்கட்டி வாங்க வந்தேன், தற்செயலாப் பாத்தேன்னு சொன்னேம்லா. அது பொய். மூணு நாளா எல்லா வண்டிக்கும் வந்து நிக்கேன். கூட்டத்துக்கு மின்ன உங்களைத் தனியாப் பாக்கணும்னு. ஊருக்குள்ள நாலு பேரு மின்னால இதைச் சொல்ல முடியாது. ஏன்னா இதுல ஒரு சின்னப் பிள்ளை இருக்கா.

கேட்டு தெறந்துட்டான்.

மில்லுல ஒரு பத்திரிகை போடுதாவ, மில் மலர்னு. வருஷத்துக்கு நாலு. ஜூலை மாசம் மரம் நடுத விழா வரும்லா, அதுக்குப் பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டி வச்சாவ. எங்கள் மலைன்னு தலைப்பு. மொதல் பரிசு வாங்குத பிள்ளைக்கு ஆறாம் வகுப்புல இருந்து தென்காசி ஹைஸ்கூல்ல படிப்பு, ஹாஸ்டல், எல்லாம் கம்பெனி பொறுப்பு. அதை வாசிச்ச அன்னைக்கே எனக்கு ஒரே ஒரு பேருதான் மனசுல வந்துது. கல்லோடையில இருந்து ஒரு பொம்பளைப் பிள்ளை மேல படிக்கும்னா அது சங்கரம்மாதான். சும்மா சொல்லல. மத்த பிள்ளையள் எல்லாம், மரம் நமக்கு நிழல் தருகிறது, மரம் நமக்கு மழை தருகிறதுன்னு நான் சொல்லிக் குடுத்ததையே திருப்பி எழுதிட்டு வந்துதுவ. இவ மட்டும் தன் அம்மாவைப் பத்தி எழுதினா.

எனக்கு மனப்பாடம் அண்ணாச்சி. கேக்கியளா?

எங்கள் அம்மா கோழி கூப்பிடும்போது எழுந்திருப்பாள். அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு சாத்தாம்பாறைக்குப் போவாள். பாறைக்குப் பின்னால் முள்கம்பியைக் கவட்டைக் கம்பால் தூக்கி வைத்திருக்கிறார்கள். செல்லப்பா மாமா இரண்டு தடவை இருமுவார். அம்மா விறகுக் கட்டை முதலில் உருட்டிவிட்டுப் பிறகு குனிந்து வருவாள். அந்த விறகில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் சோறு பொங்குகிறது. எங்கள் மலை எங்களுக்குச் சோறு போடுகிறது.

அந்தக் கடைசி வரியைப் பாருங்க. பத்து வயசுப் பிள்ளை. அதை நான் நாலஞ்சு தடவை வாசிச்சேன். எனக்கு அது கட்டுரையாத்தான் தெரிஞ்சுது அண்ணாச்சி. அதுல ஒரு வழி இருக்கு, ஒரு நேரம் இருக்கு, ஆளுங்க இருக்காவன்னு ஒண்ணும் தெரியல. எவ்வளவு படிச்சாலும் சில சமயம் கண்ணுல எழுத்து மட்டும்தான் படுது. நானே என் கையால உறையில போட்டு மில்லுக்கு அனுப்பினேன். அதுதான் மொதல் பரிசு. விழாவுல மேடையில பேரை மட்டும் கூப்பிட்டாவ. அக்கா கூட்டத்துல நின்னு, ஏ, எம்பிள்ளை எம்பிள்ளைன்னு சத்தம் போட்டா. கட்டுரையை யாரும் வாசிக்கல. பத்து நாள் கழிச்சு மில் மலர்ல அச்சாகி வந்துது. ஊருல எவன் படிக்கான்? கடையில பொட்டலம் மடிக்கத்தான் போச்சு.

இல்ல, கேளுங்க. அக்காவுக்குத் தெரியும். புஸ்தகம் வந்த அன்னைக்கு அவளே எடுத்துட்டு வந்து, எம்பிள்ளை என்ன எழுதியிருக்கா, வாசியும்னா. நான் ஜன்னல்கிட்ட நின்னு முழுசும் வாசிச்சேன். சாத்தாம்பாறை வந்ததும் கையைத் தட்டிச் சிரிச்சா. கவட்டைக் கம்பையும் விடலியா சிறுக்கின்னா. பொறவு புஸ்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. இதை யார் யாரு வாசிப்பாவன்னு கேட்டா. மெட்ராஸ் வரைக்கும் போவும் அக்கான்னேன், பெருமையா. மில்லுக்காரவளும் வாசிப்பாவளோன்னா. அவியதான அச்சடிக்காவன்னு சொன்னேன்.

என்னை ஒரு பார்வை பாத்தா. பொறவு மூணாவது வரிசையப் பாத்தா, பிள்ளை அங்கன இருந்து இவளைப் பாத்துச் சிரிச்சுட்டு இருக்கா. நல்லாருக்கு வாத்தியாரே, பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்குன்னு சொல்லிப் புஸ்தகத்தை இடுப்புல சொருகிட்டுப் போயிட்டா. அவளுக்குப் புரிஞ்சுதா இல்லியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. புரிஞ்சிருந்தாலும் போறதுக்கு வேற வழி இல்ல, மத்த எடமெல்லாம் வேலி. சீசன் வேற.

இலஞ்சி தாண்டிட்டோம். அடுத்தது நம்ம விலக்குதான்.

பிள்ளைக்குத் தெரியாது. அதான் அண்ணாச்சி விஷயம். அவ எழுதினதைப் படிச்சுட்டுத்தான் மேனேஜர் ஆள் போட்டாருன்னு அவளுக்குத் தெரியாது. கூட்டத்துல யாராவது கட்டுரைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அன்னையோட அவ முடிஞ்சா. ஆயுசு பூரா அதைச் சொமப்பா. அதனாலதான் நானும் வாயைத் தெறக்கல. ஆனா தெறக்காம இருந்தா செல்லப்பா கூரை போவுது. ரெண்டுல ஒண்ணு. மூணு வாரமா இதையேதான் போட்டு உருட்டுதேன்.

இன்னொண்ணு சொல்லணும். பதினாறு முடிஞ்சு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்த மொத வாரம், எல்லாருக்கும் ஒரு கட்டுரை குடுத்தேன். மழைக்காலம்னு. இவ என்ன எழுதினா தெரியுமா? அம்மாவைக் கொண்டாந்த கட்டில்ல எத்தனை கயிறு அறுந்திருந்துது, அம்மா தலைமுடியில என்ன எலை ஒட்டியிருந்துது, வலது கையில எத்தனை வளையல் மிச்சம் இருந்துது, எல்லாம் ஒண்ணு விடாம எழுதியிருந்தா. ரெண்டு பச்சை, ஒரு சிவப்புன்னு. கீழ, சரியாக எழுதியிருக்கிறேனா சார்னு ஒரு வரி. நான் மார்க் போடல. என்னத்தப் போட?

நான் செய்யப் போறதைச் சொல்லிருதேன். கூட்டத்துல உங்களைக் கேப்பாவ. நீங்க செல்லப்பா பேரைச் சொல்லாதிய. பிள்ளை பேரையும் சொல்லாதிய. வாத்தியார் மசூதுதான் மேனேஜர்கிட்ட வழியைச் சொன்னான்னு சொல்லுங்க. நானே எந்திரிச்சு ஆமான்னு சொல்லுதேன். என்னை என்ன செய்வாவ, அடிப்பாவ, வேலை போவும். வாப்பாவுக்கு எழுதணும், அதுதான் கஷ்டம். தறியை ஒரு நாள் நிறுத்திட்டு வந்து நின்னு பாப்பாரு.

பொய்யா? இல்ல அண்ணாச்சி. பொய் சொல்ல நான் உங்களைக் கூப்பிடுவேனா. நான்தான் சொன்னேன்ங்கது பொய்யில்ல. பிள்ளை மொதல்ல எழுதிட்டு வந்தது மூணே வரி. எங்கள் அம்மா மலைக்குப் போவாள், விறகு கொண்டு வருவாள், அந்த விறகில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் சோறு பொங்குகிறது. அவ்வளவுதான். அதுல சாத்தாம்பாறை இல்ல, கம்பி இல்ல, இருமல் இல்ல. நான்தான் ஓரத்துல சிவப்பு மையில எழுதினேன். எந்த வழியாக? எத்தனை மணிக்கு? வேலியை எப்படித் தாண்டுவாள்? வெவரம் இல்லாத எழுத்து எழுத்தே இல்லன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தேன். சொல்ல மாட்டேன் சார், அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்னா. வாயால சொல்லக் கூடாதுன்னுதான சொன்னா, எழுதலாம்னேன். ரெண்டு தடவை திருப்பிக் குடுத்தேன். மூணாவது தடவைதான் எல்லாத்தையும் எழுதிட்டு வந்தா. அந்தத் தாளையெல்லாம் நான் வச்சிருக்கேன்.

என்ன?

இல்ல அண்ணாச்சி. தோள்ல கை போடாதிய. நீங்க அடிப்பியன்னு பயந்துட்டுத்தான் மூணு நாளா ஸ்டேஷன்ல நின்னேன், இதுக்கு இல்ல. கையை எடுங்க. பிள்ளை படிக்கணும்னு தெரியாமச் செஞ்சிய தம்பின்னு நீங்க சொல்லாதிய. தெரியாமன்னு மட்டும் சொல்லாதிய.

விலக்கு வந்துட்டு. எறங்குவோம். ஹோல்டான், எறங்கணும்! பையைக் குடுங்க, நீங்க எறங்கிட்டு வாங்கிக்கிடுங்க.

சாரல் கூடிட்டு. குடைக்குள்ள வாங்க. நடந்துட்டே சொல்லுதேன்.

கேட்டுக்கு மாத்தின அன்னைக்குச் சாயங்காலம் செல்லப்பா என் ரூமுக்கு வந்தான். கையில மில் மலர். தம்பி, மேனேஜர் இதை என் மூஞ்சியில விட்டெறிஞ்சு, இந்தப் பக்கத்துல விரலை வச்சுக் குத்திக் குத்தித் திட்டினாரு, எனக்கு எழுத்து தெரியாது, என்ன போட்டிருக்குன்னு வாசிங்கன்னான். வாங்கிப் பாத்தேன். சாத்தாம்பாறைங்கற எடத்துல நீலப் பென்சில்ல கோடு போட்டிருந்துது. கவட்டைக் கம்புக்குக் கீழ ரெண்டு கோடு. இருமலுக்கு ரெண்டு கோடு. அப்போதான் எனக்கு எல்லாம் வெளங்கிச்சு. நாளைக்குக் காலையில அங்கன ஆள் நிப்பான்னு தெரிஞ்சுட்டு.

அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். வாச்சர் எல்லாரையும் முறை வச்சு மாத்தப் போறாவளாம், அவ்வளவுதான் போட்டிருக்கு, உங்களைப் பத்தி ஒண்ணுமில்லன்னு, விரலை வரி வரியா ஓட்டிக்கிட்டே வாசிச்சேன். எழுதியிருந்தது ஒண்ணு, நான் வாசிச்சது ஒண்ணு. உண்மையை வாசிச்சிருந்தா அவன் அப்பவே அக்கா வீட்டுக்கு ஓடியிருப்பான். என்னைப் பத்தி என்ன நெனைப்பான்னு எனக்குப் பயம் இருந்துது. அவன் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான்.

அக்கா வீடு என் ரூம்ல இருந்து கூப்பிடு தூரம்தான். நானே போயிச் சொல்லிருவோம்னு சட்டையை மாட்டினேன். வாசல் வரைக்கும் வந்தேன். நல்ல மழை. கோழி கூப்பிடும்போதே அக்கா போயிருவான்னு தெரிஞ்சும், காலையில பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரும்லா, சொல்லி அனுப்பிக்கிடலாம்னு படுத்துட்டேன்.

குடையா? இருந்துச்சு அண்ணாச்சி. இந்தக் குடைதான்.